ஓடாத தேரும் ஓடாத லாரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. லாரி, மினி லாரி வைத்துப் பிழைப்பவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்காகவாவது கடைசிவரை படியுங்கள்.

எங்கள் தாராசுரத்தில் ஓடாத தேர் ஒன்று இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலில், சக்கரமும் குதிரையுமாகக் கல்லில் செதுக்கிய மண்டபம். எண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது. போன தை மாதம் என் பழைய மாணவன் ஒருவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "நம்ம ஊர்ல ஓடாத தேரைப் பார்க்க உலகமே வருது டீச்சர். என்னோட ஓடாத லாரியைப் பார்க்க ஃபைனான்ஸ்காரன் மட்டும்தான் வர்றான்."

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அப்போதே வாயாடி. ஆனால் அன்றைக்குச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் சர்வீஸ் சென்டர் கொடுத்த காகிதங்கள். எல்லாம் இங்கிலீஷ். "இதுல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றான்.

ஓய்வு பெற்ற டீச்சர் வீடு என்றால் ஊரில் அது மனு எழுதும் இடம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். லாரிக்கு எழுதியதில்லை. வாங்கிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது அவன் ஒருவனுடைய பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். எனக்குப் புரிந்த மட்டில் வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புதிதாக விற்கும் வண்டிகள் பிஎஸ்-6 தரத்தில்தான் இருக்க வேண்டும். பிஎஸ்-4இலிருந்து 5ஐத் தாண்டி நேராக 6க்குப் போனோம். அந்தத் தேதிக்குப் பிறகு பிஎஸ்-4 வண்டியை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. பிஎஸ்-4 லாரி என்ஜின் ஒரு கிலோவாட் மணி நேர வேலைக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது. பிஎஸ்-6இல் அது 0.4 கிராம். ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

இதைச் சாதிக்க, புகைக்குழாயில் இரண்டு முக்கியமான சாமான்களை வைத்தார்கள்.

ஒன்று டிபிஎஃப். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னத் துளைகள் உள்ள வடிகட்டி. புகையில் வரும் கரித்தூள் அதில் தங்கிவிடும். காபி ஃபில்டரில் தூள் அடைத்துக்கொண்டால் டிகாஷன் இறங்காது இல்லையா, அதுபோலக் கரி நிறைந்தால் என்ஜின் மூச்சுவிட முடியாது. அதனால் அவ்வப்போது அந்தக் கரியை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். புகைக்குழாயில் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அது நடக்கும். வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால் தானாகவே நடந்துவிடும்.

இன்னொன்று எஸ்சிஆர். இதற்குத்தான் நம் டிரைவர்கள் 'யூரியா தண்ணி', 'ஆட்ப்ளூ' என்று சொல்லும் டெஃப் திரவம். 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பில்லாத தண்ணீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் அமோனியா உண்டாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நாக்ஸ் சென்சார்கள். சென்சார் தப்புச் சொன்னாலோ, டெஃப் தீர்ந்தாலோ, வண்டியின் கம்ப்யூட்டர் முதலில் இழுவையைக் குறைக்கும். அதையும் கவனிக்காவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாது. பழுதோடு ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகச் சட்டமே வைத்த ஏற்பாடு அது. (சின்ன பிக்கப் வண்டிகள் பலவற்றில் டெஃப் இருக்காது, டிபிஎஃப் இருக்கும்.)

இதெல்லாம் நல்ல விஷயம்தான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே உறுதியாக அறிவித்துவிட்டது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மெயின் ரோட்டை ஒட்டியது. பாரம் ஏற்றிய லாரி கியர் மாற்றும்போது ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள் சட்டைக் காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகப் பழகிக்கொண்டார்கள். வீசிங் உள்ள ஒரு பெண் பிள்ளையை நான் உள்பக்க பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைத்தேன். அப்போது என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதனால் புகையைக் குறைக்கும் சட்டத்துக்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன்.

ஆனால், நம் டெல்டாவில் ஒரு லாரி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களை ஏற்றுகிறது. வாய்க்கால் கரை ரோட்டில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஊர்கிறது. கிடங்கு வாசலில் வரிசை. அரை நாள், ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். நகர்ந்து நகர்ந்து போக என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஓடினால் புகைக்குழாயில் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் கரி எரியாது. டெஃப் தெளிக்கும் இடத்தில் உப்புப் பூத்ததுபோல யூரியா படியும். நாற்கர சாலையில் நூறு நூறு கிலோமீட்டராக ஓடும் வண்டிக்குச் சுலபமான விஷயம், மாத்தூர், நாச்சியார்கோவில் ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சிக்கலாகிறது.

வண்டியை விற்கும்போது இதை யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "சாவி கொடுத்தாங்க, மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க டீச்சர். மஞ்ச லைட் எரிஞ்சா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல" என்றான். புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இங்கிலீஷ்.

இப்போது மஞ்சப்பைக்கு வருகிறேன். முதல் காகிதம்: நாக்ஸ் சென்சார் மாற்றியது, 31,000 ரூபாய். வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, "நீங்க ஊத்தின டெஃப் கலப்படம், வாரண்டி கிடையாது" என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதித்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. இவன் பக்கமும் கொஞ்சம் தப்பு உண்டு. ஒருமுறை ராத்திரியில் வழியில் ஒரு கடையில் திறந்த கேனில் வாங்கி ஊற்றியிருக்கிறான். அதை என்னிடம் மறைக்கவில்லை. இரண்டாவது காகிதம்: டிபிஎஃப்பைக் கம்ப்யூட்டர் மூலம் எரித்துச் சுத்தம் செய்தது, 8,500. மூன்றாவது: டெஃப் பம்ப் மாற்ற வேண்டும், 68,000 ஆகும், பாதி முன்பணம் கட்டினால் சாமான் வரவழைக்கிறோம் என்ற மதிப்பீடு.

எனக்கு என்ஜின் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் மேல் ஓரத்தில் ஒரு எண், 'பழுதுக் குறியீடு' என்ற தலைப்பில். மூன்றிலும் ஒரே எண். பக்கத்தில் 'சென்சார் சர்க்யூட்' என்று இருந்தது. சென்சார் மாற்றிய பிறகும் அதே எண். கரியை எரித்த பிறகும் அதே எண்.

"ஏம்ப்பா, மூணு பரீட்சையிலும் ஒரே கேள்விக்குத்தான் தப்பா விடை எழுதியிருக்காங்க போலிருக்கே. சர்க்யூட்டுன்னா ஒயர்தானே? ஒயரை யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

மறுநாள் கும்பகோணத்தில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து காட்டியிருக்கிறான். அவர் லாரிக்கு அடியில் படுத்து, ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், சேஸிஸ் ஓரத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார். எலி கடித்திருக்கிறது. நெல் மூட்டை பக்கத்தில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியை எலி கடிக்காமல் என்ன செய்யும்? ஒயரை இணைத்துப் பற்றவைத்து டேப் சுற்றினார். கூலி 400 ரூபாய்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். லைட் அணையவில்லை. வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பழுது சரியாகிவிட்டது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் வைத்திருந்த சாதாரண ஸ்கேனருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மறுபடி இழுவை வண்டி, மறுபடி அறுபது கிலோமீட்டர், நான்கு நாள் வரிசை. லேப்டாப்பை மாட்டிப் பத்து நிமிஷ வேலை. பில் 4,200.

இழுத்துக்கொண்டு போன கூலி 9,000 சேர்த்து மொத்தம் 53,000 ரூபாய்க்கு மேல். வண்டி நின்றது 22 நாள், அதுவும் சம்பா கொள்முதல் உச்சத்தில் இருந்த தை மாதத்தில். ஒரு மாதத் தவணை தவறிவிட்டது. அவன் மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்தான். "ஒரு ஆளு இருக்காரு டீச்சர். டிபிஎஃப்ப குடைஞ்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல வேற புரோகிராம் ஏத்தி விட்டுடுவாராம். ஒரு சென்சார் விலைகூட ஆவாது. அப்புறம் யூரியா செலவும் இல்ல, லைட்டும் எரியாது. நிறைய பேர் பண்ணிட்டாங்க. நானும் பண்ணிடட்டுமா?"

வேண்டாம் என்று சொன்னேன். சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ விதிக்க இடம் இருக்கிறது. "உன் பிள்ளையும் அந்த ரோட்டோரப் பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறான்" என்றும் சொன்னேன்.

அவன் தலையாட்டினான். ஆனால் என் குரலிலேயே வலு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று அவனுக்கும் தெரியும். நம் ஊர் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. நேர்மையாக இருந்தவனுக்கு 22 நாளும் 53,000மும் போயிற்று. குறுக்கு வழியில் போனவன் வரிசையில் முன்னால் நின்று லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

குறுக்கு வழியில் போவது ஏழை லாரிக்காரன் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். 2015 செப்டம்பரில் வெளிவந்த ஃபோக்ஸ்வேகன் விவகாரம் நினைவிருக்கும். பரிசோதனை நடக்கும்போது மட்டும் ஒழுங்காக இருந்து, ரோட்டுக்கு வந்ததும் அளவுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும்படி மென்பொருளை எழுதிவைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் நாட்டு இளைஞர்கள் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. வண்டியை ரோட்டில் ஓட்டி, பின்னால் கருவி மாட்டி அளந்ததால்தான் அந்தக் குட்டு உடைந்தது.

என் கருத்து இதுதான். புகைச் சட்டம் சரி. ஆனால் பழுது பார்க்கும் அறிவை ஒரு லேப்டாப்புக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை நடத்த முடியாது. பாடம் நடத்தாமல் தேர்வு வைத்தால் வகுப்பில் என்ன நடக்கும்? பிட் அடிப்பார்கள். பிட் அடித்த பையனைத் தண்டிக்கலாம். பாடம் நடத்தாத டீச்சரை என்ன செய்வது?

நாம் பின்பற்றும் தரத்தின் மூலம் ஐரோப்பாவின் யூரோ-6. கனரக வண்டிகளுக்கு அங்கே 2009இல் வந்த சட்டத்தின் தலைப்பிலேயே இரண்டு விஷயம் சேர்ந்து இருக்கிறது. ஒன்று புகை அளவு, இன்னொன்று வண்டியைப் பழுதுபார்க்கும் தகவல் எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைப்பது. அங்கே இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டினார்கள். நம் தெருவுக்கு முதல் பாதி வந்து சேர்ந்தது. இரண்டாம் பாதி, நான் பார்த்த எந்தப் பட்டறைக்கும் வந்து சேரவில்லை.

இந்தியாவில் இதை யாரும் யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. பிறகு மேல்முறையீடு, தடை என்று வழக்கு நீண்டது. 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுச் சாமான்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகள். நல்ல தொடக்கம். ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. தகவல் தர மறுத்தால் தண்டனை என்று ஒரு வரி எழுதும்வரை அது ஒரு அறிவிப்புப் பலகைதான்.

அமெரிக்காவிலும் இதே புலம்பல் இருக்கிறது. அங்கே 2025 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, டெஃப் கோளாறு வந்தால் திடீரென்று இழுவையைக் குறைக்காமல் ஓட்டுபவருக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்படி மென்பொருளை மாற்றச் சொல்லி உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அவகாசம் கொடுப்பது வேறு, சாமானையே கழற்றுவது வேறு. முதலாவதை நாமும் கேட்கலாம்.

"நீ லாரி வைத்துத் தொழில் செய்கிறாய், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது பாதி உண்மை. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான். 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் (எதிர்தரப்பு கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனம்) உச்ச நீதிமன்றம் இதை விளக்கும்போது, லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரையே உதாரணமாகக் காட்டியது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை என்றும் சொன்னது. கிளீனரோடு தானே ஓட்டும் என் மாணவன் இதில் வருவான். பத்து லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு மாதத்தில் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை:

1. டிபிஎஃப் மஞ்சள் விளக்கு எரிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். சிவப்பு வரை விட்டால் செலவு பல மடங்கு. லோடு இறக்கியதும் நல்ல ரோட்டில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தானாக எரிந்துவிடும்.

2. பல வண்டிகளில் நின்ற இடத்திலேயே எரிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கும்போது வண்டி வைக்கோல் மேலோ, களத்திலோ, காய்ந்த புல்லின் மேலோ நிற்கக் கூடாது. புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடிக்கும். வைக்கோல் லோடு ஏற்றிய வண்டியில் அந்தப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள்.

3. கிடங்கு வரிசையில் என்ஜினை அணைத்துவிடுங்கள். டீசலும் மிச்சம், கரியும் குறைவு.

4. டெஃப் சீல் உடையாத கேனில் பில்லோடு வாங்குங்கள். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2015 முதல் நம் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் எஸ்சிஆர் பாழ். அதோடு, மானிய யூரியாவை லாரியில் ஊற்றுவது பக்கத்து வயல்காரரின் மூட்டையைத் திருடுவதற்குச் சமம்.

5. என்ஜின் ஆயில் புத்தகத்தில் சொன்ன வகையாக இருக்கட்டும். பிஎஸ்-6 வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

6. சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது பழுதுக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். எடுக்கும்போதும் எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். சாமான் மாற்றும் முன் ஒயரைச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

7. வாரண்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'டெஃப் கலப்படம்' என்றால் சோதித்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அளக்க ஒரு சின்னக் கருவி போதும், ஒரு நிமிஷ வேலை.

8. தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய வண்டி என்றால் மனுக் கட்டணம் 1,000 ரூபாய்தான்.

9. ஒரே மாடல் வண்டி பலருக்கும் ஒரே மாதிரிப் பழுதானால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் கம்பெனி திரும்பப் பெற உத்தரவிட இடம் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்குக் கேடு வரும் குறையும் அதில் அடங்கும். தனித்தனியாகப் புலம்புவதைவிட ஒரு மாடல்காரர்கள் சேர்ந்து புகார் கொடுப்பது பலன் தரும்.

இனி அரசுக்கும் கம்பெனிகளுக்கும். பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் விற்கும் லாரிக்குத் தமிழில் புத்தகம் கொடுங்கள். விளக்குகள் பற்றிய நாலு பக்கமாவது. வண்டி கொடுக்கும் நாளில் போட்டோவுக்கு முன்னால் அரை மணி நேரம் அதைச் சொல்லிக்கொடுங்கள். பழுதுக் குறியீட்டைப் படிக்கவும் அழிக்கவும் உரிய மென்பொருளை நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். அரசு ஐடிஐகளில் 'தொழில் 4.0' மையங்கள் திறந்திருக்கிறார்கள். அங்கே மெக்கானிக் டீசல் படிக்கும் பையன்களுக்கு மட்டுமல்ல, ஒயரைத் தடவியே எலிக்கடியைக் கண்டுபிடித்த அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கும் சாயங்கால வகுப்பு வையுங்கள். அவரிடம் கைப்பழக்கம் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டால் போதும். கொள்முதல் காலத்திலாவது கம்பெனிகள் ஒரு நடமாடும் சர்வீஸ் வண்டியை இந்தப் பக்கம் அனுப்பலாம். கொள்முதல் நிலையத்தில் லாரி வராததால் நெல் மழையில் நனைவதை வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம். நின்றுபோன ஒவ்வொரு லாரிக்கும் அதில் பங்கு இருக்கிறது.

புகைப் பரிசோதனையும் மாற வேண்டும். கழற்றியவனைக் கண்டுபிடிக்க முடியாத பரிசோதனை, கழற்றாதவனை முட்டாளாக்குகிறது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பழுதுபார்க்க வழி, பிறகு தண்டனை. திருப்பிச் செய்தால் மறுபடியும் அடிபடுவது ஒற்றை லாரிக்காரன்தான்.

என் மாணவனுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று காகிதத்திலும் அந்த ஒரே எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நகல் இணைத்தேன். பழக்க தோஷம். பதில் இன்னும் வரவில்லை.

டிபிஎஃப்பை இதுவரை அவன் கழற்றவில்லை. போன வாரம் மார்க்கெட் பக்கம் பார்த்தபோது சொன்னான்: "நீங்க சொன்னீங்களேன்னுதான் விட்டேன் டீச்சர். ஆனா அடுத்த தடவை லைட் எரிஞ்சா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அடுத்த தடவை வருவதற்குள் நாம் ஏதாவது செய்தாக வேண்டும்.

லாரி வைத்திருக்கும் ஒருவருக்காவது அந்த ஒன்பது விஷயங்களையும் வாசித்துக் காட்டுங்கள்.